நரியில்லாத் தீவுகளின் தந்திரக் கதை

தந்திரம் என்றவுடன் நரியை நினைப்பது நம் பழக்கம். அந்தப் பழக்கத்தையே ஒரு சித்தாந்தமாக உயர்த்தி, மாயமும் வஞ்சகமும் கலந்த கதாபாத்திரத்தை மனிதக் கல்பனை எங்கே படைத்தாலும் அதற்கு நரியின் உருவத்தையே தந்தது என்றும், நரியை அறியாத ஜனங்களிடம் அந்தப் பாத்திரம் முளைக்கவே இல்லை என்றும் நாட்டார் கதைகளைப் பற்றி எழுதுகிறவர்களில் சிலர் இப்போது சாதித்து வருகிறார்கள். இந்த அபிப்பிராயம் தவறு என்பதற்கு அந்தமான் தீவுகளே போதிய பிரமாணம்.

நரிக் கதைகளின் பெருமையை யாரும் குறைக்க வேண்டியதில்லை. பஞ்சதந்திரத்தின் கரடகனும் தமனகனும் எட்டாம் நூற்றாண்டிலேயே அரபு மொழியில் புகுந்து மேற்குத் திசையெங்கும் உலவினார்கள். ஐரோப்பா வளர்த்த ரெய்னார்ட் என்ற நரியைக் கதே 1794இல் காவிய நாயகனாக்கினார். சீனத்தில் பூ சொங்லிங்கின் கதைகளில் நரி அழகிய பெண்ணாகி வந்தது. ஜப்பானில் அது இனாரி தெய்வத்தின் தூது. வெயிலோடு மழை பெய்தால் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்று நம் குழந்தைகள் கூவுவதைப் போலவே, ஜப்பானியரும் அதை நரியின் திருமணம் என்கிறார்கள். ஆனால் நம்முடைய மாய நரிகளுள் தலைசிறந்தவை மதுரைத் திருவிளையாடலில் பரிகளான நரிகளே அல்லவா? அங்கே தந்திரம் செய்தவர் இறைவர். நரிகள் அவருடைய சங்கல்பத்துக்கு உடம்பு கொடுத்தன, அவ்வளவே. தந்திரம் முதலில் பிறக்கிறது, பிராணி பின்னால் வந்து சேர்கிறது என்பதற்கு நம் வீட்டிலேயே கிடைக்கும் சான்று இது. ஆப்பிரிக்காவில் அந்த உடம்பு சிலந்திக்கும் முயலுக்கும் கிடைத்தது. அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் ஒளியைத் திருடிய அண்டங்காக்கைக்குக் கிடைத்தது.

அந்தமானில் நரி இல்லை. 1858இல் ஆங்கிலேயர் கைதிகளுக்கான குடியேற்றத்தை நிறுவிய பிறகு வந்து சேரும்வரை நாய்கூட இல்லை. அங்கே தந்திரம் மீன்கொத்தியின் வடிவம் எடுத்தது. புயலையும் மழையையும் ஆள்பவள், வடக்கே பிலிகு என்ற பெண்ணாகவும் தெற்கே புலுகா என்ற ஆணாகவும் கருதப்பட்ட சக்தி, நெருப்பைத் தன்னிடமே வைத்திருந்தாள். அவள் உறங்கும் வேளையில் மீன்கொத்தி வந்து அதைத் திருடிக்கொண்டு பறந்தது. விழித்துக்கொண்ட அவள் முத்துச்சிப்பியின் ஓட்டை எடுத்து வீச, அது மீன்கொத்தியின் சிறகையும் வாலையும் அறுத்தெறிந்தது. கடலில் விழுந்து நீந்திக் கரை சேர்ந்த மீன்கொத்தி நெருப்பைக் கரையில் இருந்தவரிடம் ஒப்படைத்தது. அது மரகதப் புறாவின் வழியாக எல்லாருக்கும் கிடைத்தது. சிறகிழந்த மீன்கொத்தி மனிதன் ஆயிற்று. குலத்துக்குக் குலம் இந்தக் கதை மாறினாலும், நெருப்பை உண்டாக்கும் வித்தையை அறியாமல், எரிகின்ற கொள்ளியை அணையாமல் காத்துத் திரிந்த ஒரு மக்கட்கூட்டத்துக்கு, உயிர்வாழ்வின் மூலதனமே ஒரு களவில் கிடைத்தது என்ற உணர்வு பெரும்பாலும் மாறுவதில்லை.

அந்தக் களவு கதையோடு முடிந்துவிடவும் இல்லை. பருவம் தவறிக் கிழங்கு தோண்டுவதும், தேன்மெழுகை உருக்குவதும், சிள்வண்டைக் கொல்வதும் பிலிகுவின் சினத்தை மூட்டிப் புயலை வரவழைக்கும் குற்றங்களாக இருந்தன. ஆயினும் பசி பொறுக்குமா? கிழங்கைத் தோண்டி எடுத்தவர்கள், கொடியோடு கூடிய அதன் தலைப்பகுதியை மட்டும் மறுபடி மண்ணில் புதைத்துவிடுவார்கள். பிலிகு வந்து பார்த்தால் கிழங்கு அப்படியே இருப்பதாக எண்ணித் திரும்பிப் போவாள். தெய்வத்தை அஞ்சிக்கொண்டே ஏமாற்றும் இந்த நுட்பமான ஒழுக்கம், மீன்கொத்தியின் வழித்தோன்றல்களுக்கு எவ்வளவு பொருத்தமானது!

இத்தனை செழிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அறிஞர்கள் செய்தது என்ன? எட்வர்ட் ஹொரேஸ் மேன் பொறுமையோடு திரட்டி 1880களில் வெளியிட்ட செய்திகளிலிருந்து, 1898இல் ஆண்ட்ரூ லாங் ஒரு பரம்பொருளைப் பிரித்தெடுத்தார். வில்ஹெல்ம் ஷ்மிட் பாதிரியாரும் ஆதிமனிதனின் ஏகதெய்வத்தை அதே இடத்தில் கண்டார். தெய்வத்தையே தேடிய கண்களுக்குத் திருடன் தென்படவில்லை. மீன்கொத்தி வெறும் அற்பக் கற்பனையாக ஒதுக்கப்பட்டது. 1906 முதல் 1908 வரை தீவுகளில் தங்கிய ராட்கிளிஃப்-பிரவுன் அவர்களை மறுத்துத் தர்க்கம் புரிந்தார். 1922இல் வெளியான அவருடைய பெருநூலே இந்தக் கதைகளின் பல வடிவங்களை அருகருகே வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தது. அதற்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் ஒவ்வொரு கதையும் சமூகத்துக்கு என்ன பயன் தருகிறது என்று மட்டுமே அவர் கேட்டதால், கதை சொன்னவனின் உல்லாசம் அவருடைய வறண்ட பக்கங்களில் அகப்படவில்லை.

இதற்கிடையில் சொல்பவர்களே அருகிப் போனார்கள். 1901இல் 625 பேராக இருந்த பேரந்தமானியர் 1961இல் 19 பேராயினர். அந்த எஞ்சிய சிலரிடம் சென்ற மொழியியலாளர் அன்விதா அப்பி, நாவோ ஜூனியர் முதலிய பெரியவர்களின் வாய்மொழியாகவே கதைகளையும் பாடல்களையும் பதிவு செய்து 2021இல் நூலாக்கினார். போ மொழியின் கடைசிக் குரலான போவா சீனியர் 2010இல் மறைந்தார் என்பதை நினைத்தால், இந்தப் பணி எவ்வளவு குறுகிய அவகாசத்தில் நடந்தது என்பது விளங்கும். மனிதர் பறவைகளான வரலாற்றைச் சொல்லும் ஜீரோ மித்தேயின் கதை, மீன்கொத்தி மனிதனான பழைய கதைக்கு மறுபாதியாக நின்று, அந்த மக்களுக்குப் பறவை உறவுமுறை என்பதை ஐயமறக் காட்டுகிறது. சித்தாந்தம் எதுவும் குறுக்கிடாமல் கதைசொல்லியின் பெயரோடு கதை வெளிவந்த இந்தக் காலத்தையே இத்துறையின் பொற்காலம் என்பேன்.

இனிச் செய்ய வேண்டியது தமிழரின் பங்கு. போர்ட் பிளேரிலும், இலங்கையிலிருந்து வந்தவர்கள் ரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய கச்சல் தீவிலும் தமிழ்க் குழந்தைகள், தாங்கள் கண்ணால் காணாத நரியின் கதையைக் கேட்டு வளர்கிறார்கள். பாட்டி கொண்டுவந்த அந்தச் செல்வத்தை அவர்கள் இழக்க வேண்டாம். ஆனால் கரையோரக் கிளையில் தினமும் வந்து உட்காரும் மீன்கொத்தியின் கதையும் அவர்களுக்கு அதே தமிழில் கிடைக்க வேண்டும். அதை மொழிபெயர்ப்பதும், சொன்னவர்களின் பெயரோடு பாடநூலில் சேர்ப்பதும், நரியை அளவுகோலாக்காமல் மீன்கொத்தியின் கதையை அதற்குரிய ஆசனத்தில் வைத்து விமர்சிப்பதும் தீவுகளில் வாழும் தமிழ் எழுத்தாளரின் முதற்கடமை. அந்த மண்ணில் குடியேறிய நாம், அந்த மண்ணின் கதையைக் கற்காமல் அங்கே வேரூன்றிவிட்டதாகச் சொல்லிக்கொள்வது நியாயமாகாது.