51.4 எங்கே போயிற்று?

இரண்டு வருடத்துக்கு முன்னால் இங்கே ஒரு குறிப்பு எழுதினேன். உயர்கல்வியில் தமிழ்நாடு சறுக்குகிறது, பீகார் ஏறுகிறது என்பது அதன் சாரம். ஆதாரம் நான்கே எண்கள். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின் (சுருக்கமாக ஐஷே) 2019-20 அறிக்கையில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 51.4. 2021-22 அறிக்கையில் 47. பீகாருக்கு அதே இரண்டு அறிக்கைகளில் 14.5, 17.1. கழித்தேன், படம் போட்டேன். மேலே போகிற அம்புக்குறி ஒன்று, கீழே இறங்குகிற அம்புக்குறி ஒன்று. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் குறிப்பு தப்பு. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிற நண்பர் ஒருவர் போனில் பிடித்தார். "ஏன் சார், மேல இருக்கிற தொகுதியை மட்டும் பாத்தீங்களா? கீழ பகுதியே மாறிப்போச்சே!" அறிக்கையைத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஆமாம், மாறித்தான் இருக்கிறது. அறிக்கை அதை மறைக்கவும் இல்லை. நான்தான் படிக்கவில்லை.

விஷயம் இதுதான். சேர்க்கை விகிதம் என்பது சாதாரணப் பின்னம். தொகுதியில் கல்லூரி, பல்கலைக்கழகங்களில் பதிவாகியிருக்கும் மாணவர்கள். பகுதியில் அந்த மாநிலத்தில் இருக்கும் 18 முதல் 23 வயது வரையிலானவர்கள். மாணவர்களை எண்ணலாம், ஏனென்றால் கல்லூரிகள் கணக்குக் கொடுக்கின்றன. 18-23 வயதுக்காரர்களை வருஷா வருஷம் யாரும் எண்ணுவதில்லை. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்து முன்கணித்துக்கொள்கிறார்கள். 2019-20 அறிக்கை வரை 2001 கணக்கெடுப்பை வைத்துக் கணித்தார்கள். 2020-21 அறிக்கையில் இருந்து 2011 கணக்கெடுப்பு அடிப்படைக்கு மாறினார்கள்.

இதனால் என்ன ஆகும் என்பதை நாடு முழுவதற்குமான எண்ணிலேயே பார்க்கலாம். 2019-20 அறிக்கை வெளிவந்தபோது இந்தியாவின் விகிதம் 27.1. அடுத்த அறிக்கையில் அதே 2019-20 வருஷத்துக்குப் புது அடிப்படையில் போட்ட விகிதம் 25.6. ஒரு மாணவர்கூடக் கல்லூரியை விட்டுப் போகவில்லை, ஆனால் ஒன்றரைப் புள்ளி காணாமல் போனது. 2020-21இல் 27.3 ஆனது. பழைய 27.1உடன் ஒப்பிட்டால் நாடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. 25.6உடன் ஒப்பிட்டால் ஒரே வருடத்தில் நல்ல ஏற்றம். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் ஒரு தலைப்புச் செய்தியே தலைகீழாகிவிடுகிறது.

ஆகவே தமிழ்நாட்டின் 51.4இல் இருந்து 47ஐக் கழிக்க முடியாது. கழித்தால் ஒரு எண் வரும், அதற்குப் பொருள் கிடையாது. அதில் மாணவர்கள் குறைந்தது எவ்வளவு, பகுதி மாறியது எவ்வளவு என்று இந்த இரண்டு எண்களை வைத்துச் சொல்லவே முடியாது. பீகாரின் ஏற்றத்துக்கும் இதே கதிதான்.

இதில் அரசியல் வேடிக்கை ஒன்றும் உண்டு. தேசியக் கல்விக் கொள்கை 2020, உயர்கல்விச் சேர்க்கை 2035இல் 50 சதவீதம் ஆக வேண்டும் என்று இலக்கு வைத்தது. 51.4 வந்ததும் நம் ஊரில் எல்லோரும், நானும்தான், "அந்த இலக்கை நாங்கள் இப்போதே தாண்டிவிட்டோம்" என்று பேசினோம். அடுத்த அறிக்கையில் 46.9. வாதத்தின் மற்ற கால்கள் உறுதியாகவே இருக்கலாம், இந்த ஒரு கால் மட்டும் பழைய முன்கணிப்பின் மேல் நின்றுகொண்டிருந்தது. எதிர்த்தரப்பு உடனே "பாருங்கள், விழுந்துவிட்டார்கள்" என்றது. அவர்களும் பகுதியைப் பார்க்கவில்லை.

தொகுதியும் அவ்வளவு சுத்தமானது இல்லை. 'மொத்த' என்ற சொல்லை நாம் கவனிப்பதே இல்லை. எந்த வயதுக்காரர் படித்தாலும் மேலே சேர்த்துக்கொள்வார்கள், கீழே மட்டும் 18-23. முப்பத்தெட்டு வயதில் பதவி உயர்வுக்காகத் தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. படிக்கிற ஏட்டய்யாவும் மேலே இருக்கிறார். அவர் படிப்பது நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. ஆனால் பிளஸ் டூ முடித்த எத்தனை பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள் என்ற கேள்விக்கு அவர் விடை இல்லை. 2020-21இல் நாட்டின் 4.14 கோடி மாணவர்களில் 45 லட்சத்துக்கும் மேல் தொலைதூரக் கல்வியில் இருந்தவர்கள். அதாவது ஒன்பதில் ஒருவர்.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது இதற்கு அடுத்த கேள்வி. இந்த விகிதம் யாருடையது?

2021-22 பட்டியலில் முதலிடம் சண்டிகர், 64.8. இரண்டாவது புதுச்சேரி, 61.5. சண்டிகர் பிள்ளைகள் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு படிப்பாளிகள் என்றா அர்த்தம்? அங்கே பஞ்சாப் பல்கலைக்கழகம் இருக்கிறது, பெயர்பெற்ற கல்லூரிகள் இருக்கின்றன. பஞ்சாபில் இருந்தும் ஹரியானாவில் இருந்தும் இமாச்சலத்தில் இருந்தும் வந்து படிக்கிறார்கள். படிக்க வந்தவர் மேலே ஏறுகிறார். கீழே இருப்பது அந்தச் சின்ன நகரத்துக்கு முன்கணித்த இளைஞர் எண்ணிக்கை. புதுச்சேரியும் அப்படித்தான். கடலூர், விழுப்புரத்தில் இருந்து காலையில் பஸ் ஏறிப் போய்ப் படித்துவிட்டுச் சாயந்தரம் வீடு திரும்புகிற பிள்ளை புதுச்சேரியின் தொகுதியில் இருக்கும், தமிழ்நாட்டின் பகுதியில் இருக்கும். ஒரே பிள்ளை ஒரு இடத்து விகிதத்தை ஏற்றி, இன்னொரு இடத்து விகிதத்தை இறக்குகிறது.

கேரளம் 41.3இல் நிற்பதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பள்ளிப் படிப்பில் நமக்கு முன்னால் நிற்கிற மாநிலம், கல்லூரியில் எப்படிப் பின்னால் போகும்? பெங்களூரிலும் மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் மலையாளிப் பிள்ளைகள் இல்லாத கல்லூரி விடுதி உண்டா? அதற்கு மேல் வெளிநாடு. கேரளப் புலம்பெயர்வு ஆய்வின்படி, படிக்க வெளிநாடு போனவர்கள் 2018இல் ஏறத்தாழ 1.3 லட்சம், 2023இல் ஏறத்தாழ 2.5 லட்சம். இவர்கள் எந்த இந்திய மாநிலத்தின் தொகுதியிலும் கிடையாது.

பீகாருக்கு வருவோம். மாணவர் கடன் அட்டைத் திட்டம் என்று ஒன்றை அந்த அரசு 2016 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 4 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடன், வெளி மாநிலத்தில் படித்தாலும் கிடைக்கும். போன வருஷம் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு டீக்கடையில் தர்பங்காவில் இருந்து வந்த பையன் ஒருவனைப் பார்த்தேன். அந்தக் கடனில்தான் இங்கே ஒரு தனியார் கல்லூரியில் பொறியியல் படிக்கிறான். "ஊர்ல காலேஜ் இல்லையா தம்பி?" என்று அரைகுறை இந்தியில் கேட்டேன். "இருக்கு அங்கிள். டிகிரி எந்த வருஷம் கையில வரும்னுதான் தெரியாது" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

யோசித்துப் பாருங்கள். கடன் கொடுத்தது பீகார் அரசு. படிப்பவன் பீகார்ப் பையன், திருப்பிக் கட்டப்போவதும் அவன் குடும்பம். விகிதம் ஏறுவது தமிழ்நாட்டுக்கு! பீகார் அரசின் திட்டம் நன்றாக வேலை செய்தால், அதன் பலன் பீகாரின் சேர்க்கை விகிதத்தில் தெரியவே தெரியாது.

அவன் சொன்ன பதிலில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அங்கே சில பல்கலைக்கழகங்களில் தேர்வும் முடிவும் தள்ளிப்போய், மூன்று வருடப் பட்டம் ஐந்து வருடம்கூட இழுத்திருக்கிறது. அப்படித் தேங்கி நிற்கிறவர்களும் பதிவேட்டில் இருக்கிற வரை மாணவர்கள்தான். தாமதமே தொகுதியை ஊதிக் காட்டக்கூடும். ஆக, பீகாரின் 17.1 ஒரு பக்கம் குறைத்துச் சொல்கிறது, இன்னொரு பக்கம் கூட்டியும் சொல்கிறது.

இதற்காகப் பீகாரின் பின்தங்கல் வெறும் கணக்குப் பிழை என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது இன்னொரு தப்பு. 18-23 வயதினர் ஒரு லட்சம் பேருக்கு நாட்டில் சராசரி 30 கல்லூரிகள், கர்நாடகத்தில் 66, பீகாரில் 7. ஒரு கல்லூரியில் அடைந்திருக்கும் மாணவர் எண்ணிக்கையில் பீகார் முன்வரிசை. போதாததற்கு அதன் பகுதி இன்னும் கனமாகத்தான் இருக்கும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் ஒரு பெண்ணுக்குச் சராசரி குழந்தைகள் பீகாரில் 3.0, தமிழ்நாட்டில் 1.8. நம் கல்லூரிகளில் ஒரு இடம்கூடக் கூடாமலேயே, பிள்ளைகள் குறைவதால் மட்டும் நம் விகிதம் வரும் வருடங்களில் ஏறலாம். பீகார் ஓடினால்தான் இருந்த இடத்தில் நிற்க முடியும். உத்தரப் பிரதேசமும் இதே நிலை: ஏறத்தாழ 70 லட்சம் மாணவர்கள், எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம், விகிதம் மட்டும் 24.1. நமக்கு 33 லட்சம் மாணவர்கள், விகிதம் 47.

மாநிலம் என்ற அலகுக்குள்ளேயே மறைவது இன்னொரு கதை. பல்கலைக்கழக மானியக் குழு முன்பு 2001 கணக்கெடுப்பை வைத்து, சேர்க்கை விகிதம் அன்றைய தேசியச் சராசரியான 12.4ஐவிடக் குறைவாக இருந்த 374 மாவட்டங்களைக் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியல் போட்டது. தமிழ்நாட்டில் அப்போது இருந்த 30 மாவட்டங்களில் 27 அதில் இருந்தன. முதல் முறை பார்த்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன். அதற்குப் பிறகு நாம் நிறையத் தூரம் வந்திருக்கிறோம், நுழைவுத் தேர்வு போனது, முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது, இதெல்லாம் உண்மை. ஆனால் 47 என்று ஒரே எண்ணைச் சொல்லும்போது அதில் சென்னை எவ்வளவு, தருமபுரி எவ்வளவு, ஜவ்வாது மலை எவ்வளவு என்பது யாருக்கும் தெரிவதில்லை.

எனக்கு வேண்டியது வேறொரு பட்டியல். கல்லூரி எங்கே இருக்கிறது என்பதை வைத்து இல்லாமல், பிள்ளை எந்த ஊர்ப் பிள்ளை என்பதை வைத்துப் போட்ட பட்டியல். தர்பங்காவில் பத்தாவது முடித்த நூறு பேரில் எத்தனை பேர், எங்கே போயாவது, பட்டம் வாங்கினார்கள்? திருவண்ணாமலையில் எத்தனை பேர்? சேர்க்கையின்போதே சொந்த மாவட்டத்தை எல்லாக் கல்லூரியும் விண்ணப்பத்தில் வாங்கி வைத்திருக்கிறது. கேட்பதுதான் பாக்கி. பகுதிக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேண்டும். கடைசியாக எடுத்தது 2011இல், அடுத்தது 2027இல் என்று அறிவித்திருக்கிறார்கள். அது வந்ததும் அடிப்படை மறுபடி மாறும், விகிதங்கள் மறுபடி குதிக்கும், மறுபடி யாராவது கழித்துப் பார்த்து அம்புக்குறி போடுவார்கள்.

பழைய குறிப்பை நான் அழிக்கவில்லை. அம்புக்குறிப் படத்தை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்தக் குறிப்புக்கு இணைப்பு கொடுத்திருக்கிறேன்.