ஊட்டி மலை ரயில்: மெதுவாகப் போவதில்தான் மஜா!

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் காரில் போனால் இரண்டு மணி நேரம். மலை ரயிலில் 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். "அவ்வளவு நேரம் யாருங்க உட்கார்றது?" என்று கேட்பவர்களைக் கையோடு இழுத்துப்போய் ஏற்றிவிட வேண்டும் என்று எனக்குத் துடிக்கும்!

காலை 7.10-க்குக் கிளம்புகிறது. கல்லாறு வரை சாதாரண ரயில்தான். அதற்கப்புறம் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்து ஏறும். பன்னிரண்டரை அடி போனால் ஓரடி உயர்கிற ஏற்றம்! இந்தியாவில் வேறெங்கும் இப்படியொரு பாதை கிடையாது. அதிலும் இன்ஜின் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. முதல் பெட்டியில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். மறைக்க எதுவுமில்லாமல் காடு நேரே முகத்துக்கு வரும். டிரைவருக்குத்தான் பாதை தெரியாது. பெட்டிக்குப் பெட்டி நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் காட்டுகிற கொடிதான் அவருக்குக் கண்.

குகைக்குள் நுழைந்ததும் பெட்டியே 'ஓ'வென்று கத்தும். குழந்தைகள் மட்டுமல்ல, தாத்தா பாட்டிகளும்தான். மொத்தம் 16 குகைகள், கத்தி மாளாது.

ஹில்குரோவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள். எல்லாரும் இறங்கிவிடுவோம். டீ, வடை, வடைக்குக் காத்திருக்கும் குரங்குகள். என் கையிலிருந்த வடை எப்போது போனது என்றே தெரியவில்லை! சூடான நீராவி மேலே படுகிற தூரத்தில் நின்று, பிஸ்டன் தண்டில் எண்ணெய் வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த ஏசி எக்ஸ்பிரஸில் இதெல்லாம் நடக்கும்? ரயில் எப்படி ஓடுகிறது என்று கண்ணால் பார்க்க முடிகிறதே, சுற்றுலா வந்தவர்களுக்கு மனசு நிறைவது அதில்தான் என்பேன். 2005-ல் யுனெஸ்கோ கொடுத்த பாரம்பரியச் சின்னப் பெருமையெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

குன்னூரில் டீசல் இன்ஜின் மாட்டுகிறார்கள். கேத்திப் பள்ளத்தாக்கு அழகுதான். ஆனாலும் அந்த நீராவி மூச்சு இல்லாதது ஒரு குறை.

பெட்டியில் கழிவறை கிடையாது. நிற்கும் இடங்களில் முடித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்தால் ரயிலை ரத்து செய்துவிடுவார்கள். அந்த மாதங்கள் வேண்டாம். முன்பதிவு தொடங்கியதுமே டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள். திரும்பும்போது பஸ்ஸில் வந்தாலும் பரவாயில்லை, ஏறும்போது இதில்தான் ஏற வேண்டும்.