அரியணையும் ஆர்மோனியமும் அல்ல, தாய்மொழி!

நவம்பர் 7. இசையமைப்பாளர் ஃபெரென்ஸ் எர்க்கெல் 1810 இல் பிறந்த நாள். ஹங்கேரியர் அதைத் தங்கள் ஓபரா நாளாகக் கொண்டாடுகின்றனர். எந்தத் தேவனும் தோன்றிய திருநாளன்று. பாட்டமைத்த மனிதன் பிறந்த நாள்! பாராட்டுவோம்; பிறகு ஆராய்வோம்.

1784 இல் பேரரசர் இரண்டாம் ஜோசப், ஹங்கேரியின் ஆட்சி மொழி இனி ஜெர்மன் என்று ஆணையிட்டார். அதற்குமுன் அங்கு கோலோச்சியது எது? ஹங்கேரிய மொழியா? இல்லை, இலத்தீன்! உழவன் வாயில் ஒருநாளும் வழங்காத ஏட்டுமொழி. 1790 இல் ஆணை மடிந்தது. அதே ஆண்டில் லாஸ்லோ கெலெமென் தாய்மொழி நாடகக் குழுவை அமைத்தார். 1793 இல் அக்குழு ஹங்கேரிய மொழியின் முதல் இசை நாடகத்தை அரங்கேற்றியது. அதன் இசை அழிந்துபோயிற்று, வழி அழியவில்லை.

1844 இல் ஹங்கேரிய மொழி சட்டப்படி ஆட்சி மொழியாயிற்று. அவ்வாண்டே எர்க்கெலின் 'ஹுன்யாடி லாஸ்லோ' மேடையேறியது. உறுதிமொழி தந்த மன்னன், அதை மீறி வீரனின் தலையை வாங்கும் கதை. முடிமன்னரின் வாக்குறுதிக்கு விலை என்ன என்பதை மக்கள் பாட்டாகவே கேட்டனர்.

அவர் படைப்புகளில் சிறந்தது 1861 இல் வந்த 'பாங்க் பான்'. யோசெஃப் கடோனாவின் நாடகமே அதன் மூலம். அந்நிய அரசியின் ஆட்டத்தில் நாடு அழிகிறது. பாங்க் என்னும் கோமான் அவளைக் கொல்கிறான். இசையின் கட்டுக்கோப்பு பெரிதும் இத்தாலியருடையது. ஆயினும் நாட்டுப்புறச் சிம்பலோம் கருவியைப் பேரிசைக் குழுவில் அமர்த்திய துணிவு எர்க்கெலுடையது.

நமக்கு முக்கியமானவன் பாங்க் அல்லன், டிபோர்ட்ஸ் என்னும் ஏழை உழவன். கடோனாவின் நாடகத்தில் பசித்தவனின் முறையீடு நெருப்பாய் எரிகிறது. கோமானோ தன் துயரில் மூழ்கி அரைக்காதால் கேட்கிறான். என்ன கூர்மையான காட்சி! ஓபராவில் அந்த நெருப்பு தணிந்துவிட்டது. நாட்டை நினைந்து பிரபு பாடும் பாட்டே அரங்கை ஆள்கிறது. குறை என்றே சொல்வேன்.

1884 இல் புடாபெஸ்டின் ஓபரா மாளிகை பேரரசர் பிரான்ஸ் ஜோசப் முன்னிலையில் திறக்கப்பட்டது. அன்று 'பாங்க் பான்' முதல் அங்கம் மட்டும் நிகழ்ந்தது. அரசி கொலையுண்பது இரண்டாம் அங்கத்தில்!

தாய்மொழிக்காகப் போராடியவர் ஆட்சிக்கு வந்ததும் என்ன செய்தனர்? 1907 இல் கல்விச் சட்டம் இயற்றினர். ஸ்லோவாக், ருமேனியக் குழந்தைகளும் நான்காம் வகுப்பு முடிவில் ஹங்கேரிய மொழியில் பேசவும் எழுதவும் வேண்டும் என்றது அச்சட்டம். வியன்னாவின் ஆணையை வெறுத்தவர்கள் எழுதிய சட்டம் அது.