சீனவலையும் கதகளிக் கண்ணும்: பிளெண்டரின் டிராக் கருவிகள் எப்படி?

கேமரா நடிகரை விட்டு விலகக் கூடாது, கண் இலக்கை விட்டு நகரக் கூடாது. அனிமேஷனில் இது தினப்படி வேலை. ஒவ்வொரு ஃபிரேமாகக் கையால் திருப்பிக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். இதற்கென்று பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் டிராக் டூ, லாக்டு டிராக், டேம்ப்டு டிராக் என மூன்று கன்ஸ்ட்ரெய்ன்ட்டுகள் (பொருளின் அசைவைக் கட்டுப்படுத்தும் கருவிகள்) இருக்கின்றன. பெயரைப் படித்தால் எது எதற்கு என்று விளங்காது. மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு சோதித்துப் பார்க்கப் பொருளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து ஃபோர்ட் கொச்சிக் கரையில் சீனவலை, மாலையானால் கதகளி. இரண்டையும் 4.2 பதிப்பில் மாடல் செய்து பார்த்தேன்.

முதலில் வலை. அதைத் தாங்கும் மரச்சட்டம் அடியில் உள்ள கீலின் மேல் ஏறி இறங்குமே தவிர, பக்கவாட்டில் திரும்பாது. வலை போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஓர் எம்ப்டியை (படத்தில் தெரியாத வெற்றுப் பொருள்) வைத்து, சட்டத்துக்கு டேம்ப்டு டிராக் கொடுத்தால், எம்ப்டி சற்று விலகினாலும் மொத்த வலையும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இங்கே லாக்டு டிராக்தான் சரி. ஆரிஜினைக் கீலில் வைத்து, பார்க்கும் அச்சு ஒய், பூட்டும் அச்சு எக்ஸ் என்று கொடுத்தால் போதும். அதன்பின் எம்ப்டியை எங்கே இழுத்தாலும் சட்டம் ஏறி இறங்க மட்டுமே செய்கிறது.

மீனவர்கள் இழுக்கும் கயிற்றுக்கு ஸ்ட்ரெச் டூ என்ற இன்னொரு கன்ஸ்ட்ரெய்ன்ட். கயிறு எப்போதும் கையிலிருந்து சட்டத்தின் வால் வரை நேராக நிற்கும். ஆனால் வால்யூம் அமைப்பை அப்படியே விட்டால் நீள நீளக் கயிறு ரப்பராய் மெலிகிறது. அதை ‘நன்’ என்று மாற்றிவிடுங்கள். வலைக்கு எதிர் எடையாகத் தொங்கும் கற்களுக்கு டிராக் கருவி எதுவுமே வேண்டாம். காப்பி லொகேஷன் கொடுத்தால் சட்டம் எப்படிச் சாய்ந்தாலும் கல் நேர்கீழாகவே தொங்குகிறது. வலை மேலேறும்போது கற்கள் ஒவ்வொன்றாகத் தரையில் அமர்ந்து கயிறு தொய்வதுதான் பார்க்க அழகு. அந்தத் தொய்வை இவற்றில் எதுவும் தராது, கையால்தான் செய்தாக வேண்டும்.

கதகளிக் கண்ணுக்கு டேம்ப்டு டிராக். சுண்டப்பூ விதை வைத்துச் சிவக்கவைத்த அந்தக் கண் உச்சி முதல் மூலை வரை ஓடும். டிராக் டூ போட்டால் இலக்கு தலைக்கு நேர் மேலே வரும் கணத்தில் விழி சட்டென்று புரண்டுவிடுகிறது. டேம்ப்டு டிராக் குறுக்கு வழியில் அமைதியாகத் திரும்புகிறது. இரண்டு கண்ணுக்கும் ஒரே இலக்கு வைத்தால், அது கிட்டே வரும்போது மாறுகண் விழும். கண்ணுக்கு ஒன்றாக இரண்டு எம்ப்டி வைத்து, இரண்டையும் ஒரு தாய் எம்ப்டியோடு கட்டுங்கள். கன்ஸ்ட்ரெய்ன்ட்டுகள் மேலிருந்து கீழாகக் கணக்கிடப்படுவதால், கருவிழி இமைக்குள் மறையாமல் தடுக்கும் லிமிட் ரொட்டேஷன் கீழேதான் இருக்க வேண்டும்.

டிராக் டூ கேமராவுக்கு நல்லது. அடிவானம் சாயாமல் பார்த்துக்கொள்கிறது. அதில் பார்க்கும் அச்சு, மேல் அச்சு இரண்டுக்கும் ஒரே எழுத்தைக் கொடுத்தால் பெட்டி சிவந்து நின்றுவிடும், காரணம் சொல்லாது. இலக்கைத் திரும்பும் பொருளுக்கே பிள்ளையாக்கினாலும் சிக்கல்தான், சுழல் சார்பு என்று டெர்மினலில் முனகும்.

மாயா என்ற இன்னொரு 3டி மென்பொருளின் எய்ம் கன்ஸ்ட்ரெய்ன்ட்டில் இருக்கும் ‘மெயின்டெய்ன் ஆஃப்செட்’ இங்கே இல்லாதது பெரிய குறை. பொருள் அச்சுக்குக் கோணலாக இருந்தால் இடையில் ஓர் எம்ப்டி செருகிச் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் மாயாவுக்குச் சந்தா கட்ட வேண்டும். டச்சுக்காரர் டான் ரோசண்டால் தொடங்கிய பிளெண்டர் 2002 முதல் திறமூலம். 2025-இல் ஆஸ்கர் வாங்கிய ‘ஃப்ளோ’ படமும் இதில் செய்ததே. ஆகவே காசு கொடுத்து மாயாவுக்குப் போக இந்தக் குறை மட்டும் காரணமாகாது. புதிதாகத் தொடங்குபவர்கள் கண்ணுக்கு டேம்ப்டு, கீலுக்கு லாக்டு, கேமராவுக்கு டிராக் டூ என்று வைத்துக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.