காவிரிப் பிணக்கும் செய்தி ஊடகங்களும்

திருவிடைமருதூர் வட்டாரத்தில் சம்பா நடக் காத்திருக்கும் உழவர் செய்தியில் தேடுவது ஒன்றுதான்: மேட்டூரில் எவ்வளவு நீர் இருக்கிறது, எப்போது திறப்பார்கள்? 2016 செப்டம்பரில் காவிரிச் செய்தி நாள் முழுதும் ஓடியபோது, இந்தக் கேள்வி பின்னுக்குப் போயிற்று.

அம்மாதம் 5ஆம் நாள், பத்து நாள்களுக்கு வினாடிக்கு 15,000 கன அடி நீர் விடுமாறு கர்நாடகத்துக்கு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 12ஆம் நாள் அதை 12,000 கன அடியாகக் குறைத்து, 20ஆம் நாள் வரை நீட்டித்தது. அன்றாட அளவு குறைந்தது, நாள்கள் கூடின. 'குறைப்பு' என்று மட்டும் சொன்னால் தமிழகத்தில் கோபம் எழும். 'நீட்டிப்பு' என்று மட்டும் சொன்னால் கர்நாடகத்தில் எழும். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே முழுச் செய்தி. 15,000 கன அடி ஒரு நாள் ஓடினால் ஏறத்தாழ 1.3 டி.எம்.சி. ஆகும். இந்த எளிய கணக்கு கூடப் பலருக்கு எட்டவில்லை.

12ஆம் நாள் பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டன. பெங்களூரில் ஓர் இளைஞரும், இராமேசுவரத்தில் கர்நாடக ஓட்டுநர் ஒருவரும் தாக்கப்பட்ட காணொளிகள் அந்நாள்களில் பரவின. நடந்ததைக் காட்டுவது ஊடகத்தின் கடமை. மறைத்தால் வதந்திதான் வளரும். குறை காட்டியதில் இல்லை. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டும்போது, சிலரின் செயல் ஒரு மாநிலத்தாரின் செயலாகத் தோன்றிவிடுகிறது. குறை அங்கேதான் இருக்கிறது.

நார்வே அறிஞர் யோகான் கல்டுங் 'அமைதி இதழியல்' என்ற கருத்தை முன்வைத்தார். பிணக்கின் காரணம், இரு தரப்பின் துன்பம், தீர்வு முயற்சி ஆகியவற்றையும் செய்தியாக்க வேண்டும் என்பது அதன் சாரம். காவிரியில் அத்தகைய செய்திக்குப் பஞ்சமில்லை. 2003இல் இரு மாநில உழவர்களும் சென்னையில் கூடிப் பேசினர். 'காவிரிக் குடும்பம்' உருவாயிற்று. ஒருவர் வயலை மற்றவர் நேரில் சென்று பார்த்தனர். எரியும் பேருந்து மக்கள் நினைவில் நின்ற அளவுக்கு இந்தச் சந்திப்பு நிற்கவில்லை.

அந்தக் குடும்பம் வழக்கை முடித்து வைக்கவில்லை என்பது உண்மையே. 2018 பிப்ரவரி 16இல் கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் விட வேண்டிய நீரை 177.25 டி.எம்.சி. என உச்ச நீதிமன்றம்தான் வரையறுத்தது. ஆனாலும் மழை பொய்த்த ஆண்டில் பற்றாக்குறையைப் பகிர்வது எப்படி என்ற சிக்கல் தீரவில்லை. 2023இலும் அது தலைதூக்கியது. அதற்குப் பேச்சு வேண்டும். பேச்சுக்கு, மறுகரையின் நிலையை அறிந்திருக்க வேண்டும்.

பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீரையும் இரு மாநில அணைகளின் இருப்பையும் நாள்தோறும் ஒரே பட்டியலில் தரும் செய்தி பரபரப்பூட்டாது. ஆனால் நாற்றங்கால் விடலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய உழவருக்கு அதுவே பயன்படும்.