சுவரில் தோன்றும் முகம்

சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' (1936) யந்திர நாகரிகத்தின் மீதான நையாண்டி என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பற்சக்கரங்களுக்கிடையே அவர் நெளிந்துபோகும் காட்சிதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கழிப்பறைக்குப் போகுமுன் கடிகார யந்திரத்தில் அட்டையைப் பதிவு செய்கிறார். உள்ளே சிகரெட் பற்றவைக்கிறார். உடனே சுவரை அடைத்துக்கொண்டு முதலாளியின் முகம் தோன்றி வேலைக்குத் திரும்பச் சொல்கிறது. அந்த முதலாளியோ படத்தின் ஆரம்பத்தில் தன் அறையில் உட்கார்ந்து படத்துண்டுகளைப் பொருத்தி விளையாடிக்கொண்டிருந்தவர். இருந்தும் அவருக்கு ஒரு முகம் இருந்தது. எந்தக் கணத்தில் பார்க்கப்படுகிறோம் என்பது தொழிலாளிக்குத் தெரிந்தது.

2020இல் பெருந்தொற்று அலுவலகத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தபோது, இனி நேரம் நம்முடையது என்று பலர் நம்பினார்கள். நம்பிக்கைக்குச் சரித்திரம் இல்லாமலில்லை. ஆலைக்கு முந்திய இங்கிலாந்தின் வீட்டு நெசவாளர்கள் சில நாள் வெறியோடு உழைப்பதும் சில நாள் சோம்பிக் கிடப்பதுமாக வாழ்ந்ததை ஈ.பி. தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரையில் காட்டியிருக்கிறார். இப்போது வீட்டுக்கு வந்ததோ ஆலைக் கடிகாரம்.

ஹப்ஸ்டாஃப், டைம் டாக்டர் போன்ற மென்பொருள்கள் விசைப்பலகையும் மௌஸும் அசைவதைக் கணக்கிடுகின்றன. இடையிடையே திரையைப் படம் பிடிக்கின்றன. பிரான்சின் தகவல் பாதுகாப்பு ஆணையமான சி.என்.ஐ.எல். 2024 டிசம்பரில் ஒரு நிறுவனத்துக்கு 40,000 யூரோ அபராதம் விதித்தது. அங்கே 3 முதல் 15 நிமிடம் வரை கை அசையாவிட்டால் உழைக்காத நேரமாகப் பதிவாயிற்று. ஈடுசெய்யாவிட்டால் சம்பளத்தில் பிடிக்கவும் வழியிருந்தது. தொலைபேசியில் பேசுகிறவனும், கணக்கு எங்கே உதைக்கிறது என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி யோசிக்கிறவனும் இந்த ஏட்டில் இல்லாதவர்கள். (சும்மா இருப்பதன் பெருமை பேசும் நம் வேதாந்திகள் மன்னிக்க.)

எப்போது நிறுத்துவது என்று தானே தீர்மானிக்கும் உரிமைதான் இங்கே பறிபோகிறது. நாளடைவில் அளவுகோல் உள்ளே குடியேறிவிடுகிறது. தேநீர் போட எழுந்தவன் யாரும் கூப்பிடாமலே ஓடிவந்து மௌஸைத் தொடுகிறான். சுவரில் முகம் தோன்ற வேண்டிய அவசியமே இல்லை.

இதற்கு எதிர்வினையாக, மௌஸைத் தானே ஆட்டிக்கொண்டிருக்கும் சிறு கருவிகள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. ஒரு யந்திரம் உழைப்பதுபோல் நடிக்க, இன்னொரு யந்திரம் அதைக் குறித்துக்கொள்கிறது. இதைக் கலகம் என்று கொண்டாடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அசைவே உழைப்பு என்ற நிர்வாகத்தின் சமன்பாட்டை ஒப்புக்கொண்ட பிறகுதானே ஒருவன் கடைக்குப் போய் அந்தக் கருவியை வாங்குகிறான். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024இல் 12 பேருக்கு மேல் வேலைநீக்கம் செய்தது. விசைப்பலகை அசைவதுபோல் பாவனை செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு.