அன்றாடத் தியான உரைகளில் மீட்பும் நம்பிக்கையும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஊர்களில் பல சபைக் கிறித்தவரும் கலந்து வாழ்கின்றனர். அணித்தேயுள்ள பழவேற்காட்டிற் போர்த்துகீசியர் வழிவந்த கத்தோலிக்க மரபு உண்டு. 1630களில் ஒல்லாந்தரின் குருவாக ஆபிரகாம் ரொசேரியுசு பணியாற்றியதும் அவ்வூரிலேயே. இப்பகுதியில் ஒரே ஆலையிற் பணிபுரியும் இரு சபையார் தத்தம் அன்றாடத் தியான உரைகளைக் கைமாற்றிப் படிப்பாராயின், இருவரும் ஒன்றையே படித்தவராவரோ? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வுரைகளின் அமைப்பு எளிது: நாளுக்கொரு மறைமொழி, சிறு விளக்கம், இறுதியில் ஒரு மன்றாட்டு. இலக்கிய ஆராய்ச்சியாளர் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. அது பிழையென்பது எம் கருத்து. நாள்தோறும் படிக்கப்பெறும் உரைநடையிலேதான் சமயச் சொற்கள் பொருள் நிலைபெறுகின்றன.

பவுலடிகள் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடலின் 13ஆம் அதிகாரம் மூன்று பண்புகளைச் சொல்லி முடிகின்றது. 1871ஆம் ஆண்டுப் பெயர்ப்பில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு என நின்றன. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என நிற்கின்றன. நம்பிக்கை என்னும் சொல் இரண்டாம் இடத்தினின்று முதலிடத்திற்குப் பெயர்ந்துவிட்டது. நோயுற்றார் ஒருவர்க்கு ‘நம்பிக்கை இழவாதீர்’ என ஓர் உரை கூறின், இனி வருவதை எதிர்நோக்குக என்பதோ, இறைவனைப் பற்றிய பற்றுக்கோட்டை விடாதீர் என்பதோ? உரையாசிரியர் எப்பெயர்ப்பைக் கைக்கொண்டார் என்று அறிந்தாலன்றி இது விளங்காது. பல உரைகளில் அவர் அதனைக் குறிப்பதேயில்லை.

மீட்சியைக் குறிக்கும் சொற்களில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. பழைய கத்தோலிக்க உரைநடை ஈடேற்றம் என்றது. அச்சொல்லில் ஏறுதல் என்னும் வினை உயிரோடிருக்கின்றது. இரட்சிப்பு என்பது காத்தல். வைணவக் குடியிற் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருட்டிண பிள்ளை, 1894இல் வெளியிட்ட தம் காப்பியத்திற்கு இரட்சணிய யாத்திரிகம் எனப் பெயரிட்டமை எண்ணத்தக்கது. காப்பவனும் அடைக்கலம் புகுவோனும் அவர் பிறந்த மரபிற்குப் புதியரல்லர். யாத்திரிகம் என்றதனால், காக்கப்படுதலும் நடந்து செல்லுதலும் ஒருங்கே அமைந்தன.

மீட்பு என்பதோ தமிழில் வேறு நினைவுகளை உடையது. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்டலைப் புறப்பொருள் வெண்பாமாலை கரந்தைத் திணையாக வகுத்தது. இன்று கடைத்தெருவில் அடகு வைத்த நகையை மீட்கின்றோம். இரண்டும் ஒருமுறை நிகழ்ந்து முடியும் செயல்கள். 1871ஆம் ஆண்டுப் பெயர்ப்பும் விலை கொடுத்து விடுவித்தலை உணர்த்தும் இடத்தில் மீட்பு என்றே கூறியது. ஏனைய இடங்களில் இரட்சிப்பு என்றது. இன்று ஒரு சொல்லே இரண்டையும் பெரிதும் தாங்குகின்றது. ஆதலின், ‘மீட்பில் நாளும் வளர்வோம்’ என உரையாசிரியர் எழுதும்போது தொடர் இடறுகின்றது. மீட்ட நகை நாளும் மீள்வதில்லையன்றோ!

பிழை முழுவதும் உரையாசிரியர்மேலதன்று. பேதுருவின் முதல் மடல் 2ஆம் அதிகாரத்திற் பாட வேறுபாடு ஒன்று உண்டு. பழைய கிரேக்கப் படிகள் மீட்பை நோக்கி வளர்தலைச் சொல்கின்றன. 1871ஆம் ஆண்டுப் பெயர்ப்பிற்கு அடிப்படையான பாடத்தில் ‘மீட்பை நோக்கி’ என்னும் பகுதி இல்லை, வளர்தல் மட்டுமே உண்டு. அப்பெயர்ப்பை ஓதிப் பழகியோர், மீட்பு முன்னரே முற்றியது, வளர்ச்சி அதன் பின்னது என்று அவ்விடத்தைக் கொள்வதற்கு இடமுண்டாயிற்று. பழைய படிகளின் பாடத்திற்கு ஈடேற்றம் என்னும் சொல்லே மிகப் பொருந்துவதாக எமக்குத் தோன்றுகின்றது. அதனை வழக்கு வீழ்ந்ததெனக் கைவிட்டோர் அவ்விடத்தை ஒருமுறை நோக்கியிருக்கலாம்.